அப்பா குளிக்காத அருவி

எனக்குப் பத்து வயதில் சர்க்கரை நோய் வந்தது. தென்காசியில் இருந்துகொண்டு சாரல் காலத்தில் குற்றாலம் போகாமல் எப்படி என்று நான் அழுததில், அடுத்த ஆண்டு அப்பா இறங்கி வந்தார். ஏற்பாடுகள் பலமாக இருந்தன. கையில் ஒட்டியிருந்த சென்சாரின் மேல் தண்ணீர் புகாத டேப், அதற்கும் மேல் இன்னொரு டேப், குளுக்கோஸ் பொடி, ஆப்பிள் ஜூஸ். காலையில் அப்பா, அம்மா, நான் மூவரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டோம். டேப் வழுக்கிவிடும் என்று என் அந்தக் கைக்கு மட்டும் எண்ணெய் இல்லை. சென்சார் என் சர்க்கரை அளவை அப்பாவின் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். போன் நனையக்கூடாது என்பதால் அது அப்பாவிடமே இருந்தது.

இவ்வளவு யோசித்தவர்களுக்கு, அருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம் என்பது மட்டும் தோன்றவில்லை. அப்பா ஆண்கள் பக்கம் போனால் சென்சாரின் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டாது. அவர் பெண்கள் பக்கத்துக் கம்பித் தடுப்பை ஒட்டி, குடைக்குள், அருவிக்கு முதுகைத் திருப்பி நின்றுகொண்டார்.

ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் விடவில்லை.

"அண்ணாச்சி, ஆம்பளையளுக்கு அங்கன. இங்கன நின்னு என்னத்தப் பாக்குதிய?"

"புள்ளைக்குச் சுகர் இருக்குக்கா. போன்ல பாக்குதேன்."

"சுகர போன்லயா? நல்லா கத உடுதிய! போலீசக் கூப்பிடட்டா?"

சுற்றிலும் சிரித்தார்கள். கரையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நான், வெட்கத்தில் மறுபடி தண்ணீருக்குள் ஓடினேன். அந்த நேரம் பார்த்துப் போன் அலறியது. சர்க்கரை அறுபத்தெட்டு, இன்னும் இறங்குகிறது என்று அம்பு கீழ்நோக்கி. அப்பா கத்தியது அருவி இரைச்சலில் எனக்கும் கேட்கவில்லை, உள்ளே நின்ற அம்மாவுக்கும் கேட்கவில்லை. அவர் ஜூஸை அந்தப் பெண்ணிடமே நீட்டினார்.

"யக்கா, அந்தா மஞ்சச் சுடிதாரு. இதக் குடிக்கச் சொல்லுங்க. மயங்கிரும்."

அவள் அப்பாவின் கையில் அலறிக்கொண்டிருந்த போனைப் பார்த்தாள். நேரே உள்ளே வந்து என்னை வெளியே இழுத்தாள்.

"ஏட்டி, மொதல்ல இதக் குடி. ஒங்கப்பா அங்கன பாதி உசுரா நிக்காரு."

கரையில் உட்கார்ந்தேன். குடித்தேன். சர்க்கரை ஏறும்வரை அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு மறுபடி குளித்தேன், விரல் நுனிகள் சுருங்கும்வரை.

திரும்பும் பஸ்ஸில் அப்பாவின் சட்டைக் காலர் எண்ணெயில் ஊறியிருந்தது.

"நீங்க ஏம்ப்பா குளிக்கல?"

"எனக்கு அருவித் தண்ணி சேராதுட்டி."

நம்பினேன். சேராதவர் காலையில் உச்சி குளிர எண்ணெய் தேய்த்தது எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.