மாமா இழுத்து நிரப்பிய மாதம்

நானுஓயாவுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கம்பியூட்டர் வந்த வருடம், அம்மா மாரியம்மனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தாள். தன் தம்பிக்கு ஆபீசில் உத்தியோகம் கிடைத்தால், தேர் அன்று தானும் நானும் பால்குடம் எடுப்பதாக நேர்த்தி. கிடைத்துவிட்டது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்த ஒருவர் அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. எனக்கு மஞ்சள் பாவாடையும் தைத்து வந்துவிட்டது. நான் அதை எடுத்துப் பார்ப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன்.

எந்த நாளில் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று மாதத்துக்கு ஒரு தாள், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டுவார்கள். அதைப் பெரிய கிளாக்கர் கையால் எழுதுவார். எழுதுமுன் கோயில் தலைவரைக் கூப்பிட்டு, விசேஷம் என்றைக்கு என்று கேட்டுக்கொள்வார். அந்த மாதம் அவர் மகளின் கல்யாணத்துக்காக லீவில் போயிருந்தார். தாள் மாமாவின் கைக்கு வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவது என் வேலை. அன்று போனபோது என்னைக் கம்பியூட்டர் திரைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினார்.

“மாமா வித்தையப் பாரு பிள்ள. ரெண்டு தேதிதான் நான் போடுவேன். மிச்சத்த அதுவே போட்டுக்கும்.”

ஒரு கட்டத்தில் ஒரு தேதி, அதன் கீழே அடுத்த தேதி. இரண்டையும் சேர்த்துப் பிடித்து, வலது மூலையில் இருந்த சின்னப் புள்ளியைக் கீழே இழுத்தார். மாதம் முழுவதும் மடமடவென்று வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று மலை நம்பர் போட்டு அதையும் இழுத்தார். ஏழாம் நம்பரோடு நிற்காமல் எட்டு, ஒன்பது என்று ஓடியது. எங்கள் தோட்டத்தில் இருந்ததே ஏழு மலைதான்.

“இல்லாத மலையில யாரு கொழுந்து எடுக்கிறது? பேயா?” என்று மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஏழு நம்பரையும் திரும்பத் திரும்ப ஒட்டிச் சரிசெய்தார். ஞாயிற்றுக்கிழமைகளைத் தேடித் தேடி அழித்தார். அவ்வளவு கவனம். தோட்டத்தை நடத்தும் தொரை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலையில் பெரட்டுக் களம் கொதித்தது. தேர் நாளுக்கு நேரே மூன்றாம் நம்பர் மலை வேலை விழுந்திருந்தது.

“மாரியம்மாளுக்கும் ஒரு கூடை குடுத்து மலைக்கு ஏத்தச் சொல்லுங்க தொரைய!” என்று ஒரு பெண் கத்தினாள். தொரை திருவிழாவைப் பறித்துவிட்டார் என்ற பேச்சு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் எல்லா லயத்துக்கும் போய்விட்டது.

அன்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்தார். அம்மா கொடுத்த ரொட்டியைத் தொடவில்லை.

“மாமா, அத நீங்கதானே இழுத்தீங்க?” என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது. “நீயாடா?”

“தேதி தேதியாத்தான் பார்த்தேன்க்கா. அது தேரு நாளுன்னு தோணவே இல்ல.”

“போயி தொரைகிட்ட சொல்லு.”

“வேலைய இன்னும் நிரந்தரமாக்கலக்கா. சொன்னா திரும்ப மம்பட்டிதான்.”

 அம்மா என் பக்கம் திரும்பி, “வெளிய போயி வாயத் தொறந்த, பாத்துக்க” என்றாள். அந்த வாரம் முழுவதும் பாவாடையைத் தொடுவதற்கே எனக்குப் பயமாக இருந்தது. அம்மா தூக்கத்திலும் புரண்டுகொண்டிருந்தாள்.

தலைவரும் நாலு பெரியவர்களும் ஆபீசுக்குப் போனார்கள். அங்கே நடந்ததை மாமா அன்று மாலையே அம்மாவிடம் சொன்னார்.

“தொரை அந்தத் தாள அப்பத்தான்க்கா படிச்சாரு. படிச்சிட்டு என்னய ஒரு பார்வை பார்த்தாரு. சரி, தேருக்கு விடுறேன், பதிலுக்கு ஞாயித்துக்கெழம எல்லாரும் மலைக்கு வந்துரணும்னாரு. தலைவரும் கும்பிட்டுட்டு வந்துட்டாரு.”

இப்படி, முன்பு கேட்காமலே கிடைத்துவந்த தேர் லீவை, ஓய்வு நாள் ஒன்றைக் கொடுத்து வாங்கினோம். ஆனால் தோட்டமே வென்றதாகக் கொண்டாடியது. தேர் அன்று தலைவருக்கு மாலை போட்டார்கள்; தொரைக்கு அதைவிடப் பெரிய மாலை. நானும் அம்மாவும் பால்குடம் எடுத்தோம். மாமா தேர் வடத்தில் கை வைக்காமல் கூட்டத்தின் கடைசியில் நடந்து வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூடுபனி விலகவேயில்லை. ஆபீஸ்காரர்களுக்கு அன்று லீவு. மாமா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பழைய கூடையை முதுகில் மாட்டி மலைக்கு ஏறினார். நானும் பின்னால் ஓடினேன்.

“என்னங்க கிளாக்கரையா, ஒங்க கம்பியூட்டரு கொழுந்து எடுக்காதா?” என்று பெண்கள் கேலி செய்தார்கள். “கையப் பாருங்கடி, கத்திரிக்கா பறிக்கிற மாதிரி!”

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தான் கொழுந்து எடுக்கும் நெரைக்குப் பக்கத்து நெரையைக் காட்டி அவரை அங்கே நிற்க வைத்தாள்.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். அப்படியானால் நேர்த்தி என்னாகும், எடுத்த பால்குடம் செல்லுமா என்று நாள் முழுவதும் மனம் அலைந்தது. பெயர் சொல்லிக் கொழுந்தை நிறுக்கும் நிறுவைக்கு வந்ததும் மாமா தன் பெயரைச் சொல்லவில்லை. காலையில் கேலி செய்த பெண்களின் கூடைகளில் தன் கொழுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிவிட்டு, வெறும் கூடையோடு இறங்கினார்.

திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு அவர் ஆபீசுக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வேலை போகவில்லை! அப்புறம் எதற்கு நேற்று முழுவதும் பனியில் நின்றார் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா சீப்பை எடுத்து என் தலையை வாரிவிட்டாள். மாமாவுக்குக் கொழுந்து எடுக்க ஆசை வந்திருக்கும் என்று நானே முடிவுசெய்துகொண்டேன்.