பூட்டுக்காரரின் ஒன்பதாம் அத்தியாயம்

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் அவர் ஒருநாளும் படியிறங்கியதில்லை. 'பூட்டுக்காரர்' என்று வேலை பார்த்த இடத்தில் பெயர் விழுந்ததும் அதனால்தான். அவர் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது. பெயர் இன்னும் பணியில் இருக்கிறது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வேலை அப்படி. தேர்வு வினாத்தாள் அச்சடிக்கும் கூடத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தார். அச்சு தொடங்கிவிட்டால் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். ஏழு நாளோ எட்டு நாளோ, முடியும்வரை தூக்கமும் சாப்பாடும் உள்ளேதான். வெளியே விடும்போது செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலைப் பார்ப்பார்கள். மெய்ப்புப் பார்க்கிற நான்கு அதிகாரிகளுக்கும் நான்கு விதமான பிரதிகள் போகும். ஒன்றில் ஒரு புள்ளி தள்ளியிருக்கும், இன்னொன்றில் ஒரு கோடு குட்டையாக இருக்கும். வினாத்தாள் வெளியே கசிந்தால் எந்தப் பிரதியிலிருந்து கசிந்தது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். உலகத்தில் மனிதன் செய்த ஏற்பாடுகளிலேயே உருப்படியானது இது ஒன்றுதான் என்பது அவருடைய அபிப்பிராயம்.

இப்படிப்பட்டவருக்குத் தன் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடவேண்டும் என்று தோன்றியபோது வீட்டில் சிரித்தார்கள். "தன் நிழலையே சோதனை போடுற மனுஷன், ஊருக்கு முன்னாடி என்னத்தைச் சொல்லப்போறாராம்?" என்றாள் மகள், தொலைபேசியில். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "எழுதட்டும்" என்றாள்.

அவருக்கு ஊரைப் பற்றிக் கவலை இல்லை. அந்தப் புத்தகத்தை ஒரே ஒருத்தி படித்தால் போதும், அதிலும் ஒரு அத்தியாயம் படித்தால் போதும்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் அவர் உள்ளே பூட்டப்பட்டிருந்தபோது மனைவிக்குப் பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கையிலேயே வலி கண்டுவிட்டது. குறைமாதக் குழந்தை, முதல் பெண். அது மூன்றரை நாள் உயிரோடு இருந்தது. ஏழாம் நாள் கதவு திறந்து அவர் மருத்துவமனைக்கு ஓடியபோது அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது. "சேதி எனக்கு வரவே இல்லை" என்று அன்று அவர் மனைவியிடம் சொன்னார். சேதி வந்திருந்தது. இரண்டாம் நாளே, சாப்பாடு உள்ளே தள்ளுகிற சன்னல் வழியாக, அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு வந்திருந்தது. "போறதுன்னா போ. ஆனா வெளிய போனவன் திரும்ப உள்ள வர முடியாது, வேலையும் இருக்காது" என்றார் அதிகாரி. சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இயந்திரத்துக்குத் திரும்பிப் போனார்.

இதை வாயால் சொல்ல அவரால் முடியவில்லை. பல வருடங்கள் பல சாயங்காலங்களில் ஆரம்பித்திருக்கிறார். "இந்தா பாரு…" என்பார். "என்ன?" என்பாள். "மோட்டாரை நிறுத்திட்டியா?" என்று முடியும். அச்சில் வந்தால் தப்பிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் புத்தகம்.

தொண்ணூறு பக்கம் எழுதினார். தட்டச்சு நிலையத்தில் பையனை நம்பாமல் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேலை முடிந்ததும் கணினியிலிருந்து அழிக்கச்சொல்லி, குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச்சொல்லி, அப்புறமும் சந்தேகத்தோடு அந்தப் பெட்டியை முறைத்துவிட்டு வந்தார். மூலப்பிரதியும் அதை ஏற்றிய பென்டிரைவும் பீரோவுக்குள் போயின. வெளியே போகிற பிரதிகளில் பழைய வழக்கப்படி அடையாளம் வைத்தார். அவருடைய முதல் சைக்கிள் கறுப்பு. பதிப்பகத்துக்குப் போன பிரதியில் அது சிவப்பு.

பதிப்பகம் ஒரு மாடியில் இருந்தது. தரையிலிருந்து இடுப்பளவுக்கு யார் யாரோ எழுதிய வாழ்க்கைகள் அடுக்கிக் கிடந்தன. பதிப்பாசிரியர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே, "ஆறு மாசம் ஆகும் சார்" என்றார்.

"அதுவரைக்கும் என்னோடது எங்க இருக்கும்?"

"இங்கதான், இந்த அடுக்குல."

"ராத்திரி பூட்டு யாரு போடுறது?"

பதிப்பாசிரியருக்கு முப்பது வருட அனுபவத்தில் இந்தக் கேள்வி புதிது. ஆறு மாதம் ஆகவில்லை, ஆறு வாரத்தில் பிரதி திரும்பிவந்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: 'விஷயம் இருக்கிறது. ஆனால் அலுவலக அறிக்கை மாதிரி இருக்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த யாரையாவது வைத்து மறுபடி எழுதுங்கள்.' பூட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. '6.10க்கு வாயிற்கதவு திறக்கப்பட்டது' என்று தொடங்கும் புத்தகத்தில் என்ன குறை என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

அடுத்தது, பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிற நிறுவனம். விளம்பரத்தைப் பார்த்து எண்ணைக் கொடுத்தது ஒரு தப்பு. தினம் மூன்று முறை ஒரு தேன்குரல் கூப்பிட்டது. வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம், வைரத் திட்டம். வைரத்தில் சேர்ந்தால் விருதும் உண்டாம். "எந்தப் போட்டியில விருது?" என்று கேட்டார். "அது நாங்களே குடுக்கிறது சார்" என்றது குரல், கொஞ்சமும் கூசாமல்.

அவர்களுக்கு நீலச் சைக்கிள் பிரதியை அனுப்பினார். அதோடு விட்டாரா? முப்பதாம் பக்கத்தையும் முப்பத்தொன்றாம் பக்கத்தையும் ஓரத்தில் ஒரு பொட்டுப் பசை வைத்து ஒட்டினார். நான்காம் நாள் கடிதம் வந்தது: 'எங்கள் ஆசிரியர் குழு தங்கள் நூலை முழுமையாக வாசித்துக் கண் கலங்கியது.' நேரில் போய்ப் பிரதியை வாங்கிப் புரட்டினார். பசை அப்படியே இருந்தது.

"கண்ணு கலங்கினவங்க கை இந்தப் பக்கம் வரலியோ?" என்று கேட்டுவிட்டு, அங்கே கொடுத்த தேநீரையும் குடிக்காமல் வந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, புத்தகம் அச்சாகிவிட்டதோ என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாகத்தான் எழுதிக்கொடுக்கிற அம்மாள் வந்தார். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். இப்போது மற்றவர்கள் வாழ்க்கையை அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே எழுதிக்கொடுப்பது தொழில். அட்டையில் இவர் பெயர் இருக்காது. பெயரே வேண்டாம் என்று ஒருத்தர் எழுதுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று பூட்டுக்காரருக்கு மூக்கில் வியர்த்தது.

"உங்களுக்குப் பேர் வேணாமா?"

"வேணாம் சார்."

"ஏன் வேணாம்?"

"புத்தகம் நல்லா இல்லன்னா உங்களைத்தானே திட்டுவாங்க" என்றார் அந்த அம்மாள், சாதாரணமாக.

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் பிடிகொடுக்கவில்லை. பேச்சைப் பதிவுசெய்கிற கருவியைத் தன் வீட்டிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டார். "அப்ப நான் வீட்டுக்குப் போயி எதைக் கேட்டு எழுதுறது சார்?" என்று அந்த அம்மாள் கேட்டதும் நிபந்தனை தளர்ந்தது. பச்சைச் சைக்கிள் பிரதி அவர் பைக்குள் போனது. ஒன்பதாம் அத்தியாயத்தை அவர் அங்கேயே நின்று ஒருமுறை படித்தார். படித்துவிட்டு, "வீட்டுல தெரியுமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"புத்தகம் வந்தா தெரியும்" என்றார் பூட்டுக்காரர்.

அன்று மத்தியானம் சாப்பாடு பரிமாறிக்கொண்டே மனைவி கேட்டாள்: "ஊருக்கெல்லாம் ஒண்ணொண்ணு குடுக்கிறீங்க. எனக்கு ஒண்ணு கிடையாதா?"

இதற்குத்தானே இவ்வளவும். ஆனால் அச்சாகி, அட்டை போட்டு, அவர் எங்காவது வெளியே போயிருக்கும்போது அவள் படிப்பாள் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். "தரேன், தரேன்" என்றார். மறுநாள் பென்டிரைவோடு தட்டச்சு நிலையத்துக்குப் போனார்.

அவளுக்குப் போகிற பிரதியிலும் அடையாளம் வேண்டும், விதி விதிதான். அவள் தினம் தன் அக்காவோடு தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுவாள். அந்த அக்காவிடம் போனது அடுத்த நாள் நாலு வீட்டில் இருக்கும். ஆனால் சைக்கிளை மாற்ற முடியாது. அந்தக் கறுப்புச் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து பாதி நகரத்தைச் சுற்றியவள் அவள். அடையாளம் என்றால் வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில் இருக்கவேண்டும், அதுதான் வழக்கம். யோசித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினார். கூடத்தைத் தவிர்த்தால் அவர் வாழ்க்கை முழுவதும் அவளுக்குத் தெரியும், கூடத்தைப் பற்றியும் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரியாதது தொண்ணூறு பக்கத்திலும் ஒரே ஒரு வரிதான்.

'இரண்டாம் நாள் சீட்டு வந்தது' என்பதை 'ஏழாம் நாள், கதவு திறந்தபோதுதான் சேதி வந்தது' என்று மாற்றச் சொன்னார். தொடர்ந்து வந்த அரைப் பக்கத்தையும் எடுக்கச் சொன்னார். அடையாளம்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புத்தகமாக வரும்போது சரியானது வந்துவிடும். வீட்டுக்கு நடக்கும்போது நெஞ்சு லேசாக இருந்தது, அந்த லேசு அவருக்கே பிடிக்கவில்லை.

பிரதியைக் கொடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், உள்ளே எடுத்துப் போனாள். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வாரம் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தார். அக்காவோடு பேச்சில் புத்தகம் வரவில்லை. சாப்பாட்டில் உப்பு கூடவில்லை, குறையவில்லை. என்ன நினைக்கிறாள்? எதையோ மறைக்கிறாளா? முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பேர் முகத்தைப் படித்தவருக்கு இந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

எட்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு எழுதிக்கொடுக்கிற அம்மாள் வந்தார். மனைவியோடும் பேசவேண்டும் என்று அவர் முன்பே கேட்டிருந்தார். ஒருத்தர் சொல்வதை மட்டும் வைத்து எழுதுவதில்லையாம். நீதிமன்றப் புத்தி. ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது என்று பூட்டுக்காரர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த அம்மாள் பேசவில்லை. மனைவிதான் உள்ளே போய்த் தன் பிரதியை எடுத்துவந்தாள்.

"உங்கிட்ட இருக்கிற ஒன்பதாவதைக் கொஞ்சம் குடும்மா."

எழுதிக்கொடுக்கிற அம்மாள் அவரைப் பார்த்தார். பூட்டுக்காரர் தலையை ஆட்டினாரா ஆட்டவில்லையா என்று அவருக்கே தெரியாது. பை திறந்தது. மனைவி இரண்டு பக்கங்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் வைத்துப் படித்தாள். மின்விசிறியில் காகிதம் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டாள்.

"எது நிஜம்?" என்றாள்.

"அது வந்து… ஒரு அடையாளத்துக்காக… யாருக்குக் குடுத்தாலும் நான்…"

"அதெல்லாம் எனக்குத் தெரியும். எது நிஜம்?"

பூசி மெழுக அவரிடம் ஒன்றும் இல்லை.

"ரெண்டாவது நாள்" என்றார். முப்பத்தெட்டு வருடத்தில் முதல் முறை.

அவள் அழுவாள் என்று நினைத்தார், எழுந்து போவாள் என்றும் நினைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு சாயங்காலமே உங்க வாட்ச்மேன் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. ரொட்டி வாங்கிட்டு வந்தாரு, பாவம். 'சீட்டைக் குடுத்துட்டேம்மா. படிச்சாரு. பையில வச்சிருக்காரு. வந்துருவாரு'ன்னாரு. நான் கதவையே பாத்துட்டுக் கெடந்தேன். அடுத்த நாளும் பாத்தேன். எங்கம்மா வந்து 'எங்கடி உம் புருஷன்?'னு கேட்டாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. 'சேதி போய்ச் சேரலம்மா'ன்னுட்டேன். அக்காகிட்டயும் அதான் சொன்னேன். ஏழாவது நாள் நீங்க ஓடி வந்து, நான் சொன்ன அதே பொய்யை எங்கிட்டயே சொன்னீங்க."

பூட்டுக்காரர் மேசைமேல் இருந்த இரண்டு பக்கங்களையும் பார்த்தார். தன் அம்மாவிடம் அவர் சாகும்வரை, அக்காவிடம் இன்றுவரை, அவருடைய பொய்யை அவருக்கே காட்டாமல் இவள் காத்து வைத்திருக்கிறாள். இவளுக்குத்தான் அவர் அடையாளம் வைத்தார்.

"புத்தகம்னு நீங்க ஆரம்பிச்சதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, எதுக்குன்னு. போன வாரம் குடுத்தீங்களே, எடுத்தவுடனே இந்தப் பக்கத்தைத்தான் பாத்தேன்" என்றாள். இந்த இடத்தில்தான் அவள் குரல் உடைந்தது. "இப்பவும் ஏழாவது நாள்னே எழுதியிருக்கீங்க."

எழுதிக்கொடுக்கிற அம்மாள் பேனாவை மூடினார். "எந்த நாள்னு போடட்டும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீ இதை எழுதாதம்மா" என்றாள் மனைவி. "மத்ததெல்லாம் அழகா எழுதிக் குடு. இது எனக்குப் புத்தகத்துல வேணாம். இவர் வாயால வேணும்."

அந்த அம்மாள் கருவியை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமலே வாசல் பக்கம் போய்விட்டார்.

பூட்டுக்காரர் மனைவியின் எதிரில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டாவது நாள், காலையில ஒரு பத்து மணி இருக்கும்…" என்று தொடங்கினார்.

"பத்து மணி இல்ல" என்றாள் அவள். "நான் சீட்டு எழுதினதே பதினொன்னேகாலுக்கு. பொய் கலக்காம சொல்லுங்க."

அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.