கம்பி உருவிய தையல்

தையல்காரியின் காதுக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் செய்தி மூன்று வாய் மாறியிருந்தது. யாரோ மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லி, அவள் துணி திருத்தும் கடையின் முதலாளியம்மாவிடம் சொல்லி, முதலாளியம்மா அதை நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருந்து, கடை சாத்தும் நேரத்தில் கொட்டினாள்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளயே படகு கட்டறாராமே?"

"ஆமாக்கா."

"ஒரே ஒரு ஆள் உக்கார்ற படகாம். உன்னைக் கழட்டி விட்டுட்டுக் கிளம்பறதுக்குத்தான்னு பேசிக்கறாங்க."

"அதெல்லாம் இல்லக்கா. சும்மா பொழுதுபோக்கு."

"அதானே பார்த்தேன். ஓடிப் போறவனுக்கு பஸ் போதுமே. இவ்ளோ இழைச்சு, இவ்ளோ தேய்ச்சா ஓடுவான்?" முதலாளியம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

தையல்காரியும் கூடச் சிரித்து வைத்தாள். படகு இருப்பது அவளுக்குத் தெரியாததா? தினமும் போகும்போதும் வரும்போதும் அதுதான் அவள் இடுப்பில் இடிக்கிறது. ஆனால் உட்காரும் பலகை ஒன்றுதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக எட்டிப் பார்த்தாள். ஒன்றுதான்.

"என்னங்க, எனக்கு எங்க இடம்?"

"உனக்கா?" அவர் உப்புத்தாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நீ ஏறினா அது படகு இல்ல, நங்கூரம்."

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அக்கம்பக்கத்தில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். ஊராரையெல்லாம் மேலே கொண்டுபோய் விட்டுவிட்டுத் தான் மட்டும் தரைத்தளத்தில் குடியிருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லிப் பல்லைக் கடிப்பார். மணமான நாளிலிருந்தே அவர் பேச்சு இப்படித்தான், கத்தரிக்கோல் மாதிரி. தையல்காரி பழகிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அவளிடம் நல்ல சாக்கு ஒன்று இருந்தது: பாதி நாள் உதட்டுக்கு நடுவே குண்டூசி இருக்கும்.

படகு வந்த பிறகு கூடம் கூடமாக இல்லை. சோபா குளியலறைக்குப் போகும் வழியில் நெட்டுக்குத்தாக நின்றது. சாப்பாடு சமையலறையில், நின்றபடியே. வீட்டில் இருந்த ஒரே ஹீட்டர் படகின் வயிற்றுக்கடியில் இரவு பகலாக எரிந்தது. படுக்கையறையில் தையல்காரி கோட்டும் காலுறையுமாகப் படுத்தாள். காரணம் பிசின். பலகைகளை ஒட்டும் அந்தப் பிசினுக்குக் குளிர் ஆகாது.

"குளிரும் ஈரமும் பட்டுச்சுன்னா மேல மெழுகு மாதிரி ஒண்ணு படியும்," என்று முதல் நாளே அவளை உட்கார வைத்துச் சொன்னார். "அதைக் கழுவாம அடுத்த பூச்சு போட்டா, ஒட்டின மாதிரியே இருக்கும். தண்ணியில ஒரு முறுக்கு முறுக்கினா பொளந்துக்கும். புரியுதா? துணி வெளுக்கற விஷயம் இல்ல இது."

கட்டும் முறையே விசித்திரம். ஒட்டுப்பலகைகளின் ஓரத்தில் வரிசையாகத் துளை போட்டு, செப்புக்கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தைத்த இடத்தில் உள்பக்கமாகப் பிசினை அணைத்துப் பூசி, அது கொஞ்சம் இறுகியதும் கம்பிகளை உருவிவிட்டு, மேலே கண்ணாடி நார்ப்பட்டியை வைத்து மறுபடி பிசின். கம்பி போன பிறகு பிடிப்பு மொத்தமும் பிசினுக்கும் பட்டிக்கும்தான். தையல் என்றதும் மனைவி ஞாபகம் வந்தது அவருக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க, கடையில் பேன்ட் கால் மடித்துத் தைத்துவிட்டு வந்து, வீட்டில் படகு தைத்தாள். கம்பி விரல் நுனியைக் கிழித்தது.

"ரத்தம் படாம தை. பலகையில கறை பிடிச்சா பெயின்ட் நிக்காது."

இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்தது. பாதிக் கட்டுமானத்தில் லிஃப்ட்காரருக்குப் பிசின் ஒவ்வாமல் போயிற்று. முழங்கைவரை தடித்து, நீர் கோத்துக்கொண்டது. அதன்பிறகு தடித்த கையுறை இல்லாமல் அவர் படகைத் தொடுவதில்லை. பூச்சு இறுகிவிட்டதா, மேலே அந்த மெழுகின் வழவழப்பு இருக்கிறதா என்று வெறும் கட்டைவிரலால் தொட்டுச் சொல்வது அவள் பொறுப்பு.

"உனக்குத்தான் எருமைத் தோலாச்சே. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்ப்பாள். சொல்வாள். அவள் சொன்னால் அவருக்கு அதற்கு மேல் பேச்சில்லை. முப்பது வருடத்துக்குப் பக்கமான தாம்பத்தியத்தில் அவள் வார்த்தையை அவர் அப்படியே எடுத்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான்.

அவளுடைய தம்பி ஒருநாள் வந்தான். வாசலிலேயே நின்று விசில் அடித்தான்.

"மச்சான், அருமையா இருக்கு. ஆனா இதை வெளிய எப்படிக் கொண்டு போவீங்க? வீட்டை இடிச்சா?"

"ஜன்னல் சட்டத்தைக் கழட்டினா போயிடும் மாப்ளே. அளந்துட்டுத்தான் ஆரம்பிச்சேன். நான் என்ன நீயா, யோசிக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டு முழிக்கறதுக்கு?"

தம்பியை அவன் மனைவி விட்டுப்போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அவன் காபி குடிக்காமலே போய்விட்டான்.

இதையெல்லாம் தையல்காரி பொறுத்துக்கொண்டாள் என்று சொல்வது சரியல்ல. அவள் மகளை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். மகள் பச்சைக் குழந்தையோடு சில வாரம் தங்க வருவதாகச் சொல்லியிருந்தாள். தையல்காரி கடையில் மிஞ்சிய மெத்தென்ற துணிகளைச் சேர்த்து வைத்து, குழந்தைக்கு மெத்தை விரிப்பு தைத்தாள். பேத்தியின் மூச்சு கழுத்தில் படும் என்ற நினைப்பிலேயே அந்தக் குளிர்காலம் நகர்ந்தது.

மகள் வந்த அன்றே குழந்தை இருமத் தொடங்கியது. பிசின் நெடி வீடெங்கும். படுக்கையறைச் சுவரில் ஈரம் வழிந்தது.

"அப்பா, ஹீட்டரை இந்த ரூமுக்குக் கொடுங்கப்பா. பிள்ளை கையெல்லாம் ஐஸா இருக்கு."

"நடுத்தையல் பூசற நேரம்மா. ஒரு வாரம் பொறுத்துக்கோ."

"குழந்தையைப் பொறுக்கச் சொல்றீங்களா?"

"அதுக்குப் போர்வை இருக்கு. படகுக்குப் போர்வை போர்த்தினா ஆகுமா?"

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். தையல்காரி ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் கையில் விரிப்பு இருந்தது. அதன் ஓரத்தை நீவி விட்டுக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் மகள் பெட்டியைக் கட்டினாள். "இந்த வாசல்ல இனி கால் வைக்க மாட்டேன்," என்றாள். விரிப்பை எடுத்துக்கொள்ளவில்லை. தெருக்கோடியில் கார் திரும்பும்வரை தையல்காரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் லிஃப்ட்காரர் உள்ளேயிருந்து. "கதவைத் திறந்து திறந்து மூடினா சூடு எப்படி நிக்கும்? சாத்து."

சாத்தினாள்.

மறுநாள் காலையில் அவர் படகின் அடியில் ஓடும் நடுத்தையலுக்குப் பிசின் பூசினார். வெளிப்பக்கம் ஏற்கெனவே மெல்லிய பட்டி ஒன்று ஒட்டியிருந்தது. அது தோல் மாதிரிதான், எலும்பு உள்ளே என்பார். "சாயங்காலம் வந்து கம்பியை உருவிட்டுப் பட்டி போடறேன். சூடு குறையாமப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். தையல்காரிக்கு அன்று கடை விடுமுறை.

முதலில் அவள் நெடி தாங்காமல்தான் ஜன்னலைத் திறந்தாள். இதை அவள் பின்னாளில் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டாள், உண்மையும்கூட. வெளியே தூறல். ஈரக்காற்று கூடத்துக்குள் வந்து படகைச் சுற்றியது. மூட வேண்டிய நேரம் வந்தபோது அவள் எழுந்து போனாள். ஜன்னலை மூடவில்லை. ஹீட்டரை அணைத்தாள்.

அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குழந்தையின் விரிப்பைத் தையல் தையலாகப் பிரித்தாள்.

அவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லாம் பழையபடி ஆயிற்று. ஜன்னல் மூடியிருந்தது, ஹீட்டர் எரிந்தது. லிஃப்ட்காரர் வந்த வேகத்தில் கையுறையை மாட்டிக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"சூடு குறையலையே?"

"இல்ல."

"தொட்டுப் பாரு."

குனிந்து கட்டைவிரலை வைத்தாள். விரல் வழுக்கிக்கொண்டு போனது, சோப்புக்கட்டி மேல் போவது போல.

"வழவழப்பு இருக்கா?"

"இல்லீங்க. நல்லா இறுகியிருக்கு."

அவர் பட்டியை வைத்து, பிசினைப் பூசி, உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. "உன் விரல் மட்டும் இல்லேன்னா நான் திண்டாடியிருப்பேன்," என்றுகூடச் சொன்னார்.

சொல்லிவிட அவளுக்கு நாள் இல்லாமல் இல்லை. பட்டிக்கு மேல் இன்னொரு பட்டி வந்தது, பிறகு அடிப்பூச்சு, பிறகு பெயின்ட். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கப் போவாள். அவரே ஏதாவது ஒன்றைச் சொல்லி அந்த வாயை மூடிவிடுவார். "குறுக்கே நிக்காதே, உன் நிழல் பெயின்ட்ல விழுது," என்பார். அவளும் விலகிக்கொள்வாள். பார்வைக்குப் படகு அப்படி அழகாக வந்திருந்தது. வெயில் காலம் வந்ததும் ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். ஜன்னல் வழியாகப் படகு ஒரு கீறல்கூட இல்லாமல் வெளியே போனபோது தெருவே கை தட்டியது.

விடுமுறை நாள் காலையில் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். தையல்காரிக்குக் கடையில் ஒரு கல்யாண கவுன் அவசரம்.

"நான் வர வேண்டாமா?"

"வந்து? கரையில நின்னு கை ஆட்டப்போறியா? போய் உன் வேலையைப் பாரு."

சரிதான் என்று போனாள். போனவள் ஊசியில் நூல் கோக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். கரையை ஒட்டித்தான் ஓட்டுவார், நனைந்துகொண்டு திரும்பி வருவார், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நடு ஏரியை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

அப்போது போன் வந்தது. மகள். குளிர்காலத்துக்குப் பிறகு இப்போதுதான்.

"அம்மா, எங்கே இருக்கேன் சொல்லு பார்ப்போம்."

"எங்கடி?"

"ஏரிக்கரையில. அப்பா போன வாரம் வீட்டுக்கே வந்துட்டார்மா. வாசல்ல நின்னு அழுதார். அன்னிக்கு நான் பைத்தியக்காரன் மாதிரி நடந்துக்கிட்டேன்னார். உன்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"ஒரு சுத்து சுத்திட்டு இப்போ திரும்பி வர்றார். சூப்பராப் போகுதும்மா. லேசா ஈரம் கசியுது, புதுசுன்னா அப்படித்தான்னார். அடுத்த சுத்து நானும் குட்டியும். அவ என் மடியில. இங்க வந்ததும் முன்னாடி ஒரு பலகை போட்டு உக்கார இடம் பண்ணியிருக்கார் தெரியுமா, எங்களுக்காக."

"ஏறாதடி."

"என்ன?"

"நீ ஏறாத. பிள்ளையை ஏத்தாத."

"ஏம்மா?"

பதில் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் இந்தக் குரல் இனி எந்தக் காலத்திலும் தன்னை அம்மா என்று கூப்பிடாது என்பதும் அதோடு சேர்ந்து வந்து நின்றது.

"காத்து அடிக்கும். குழந்தைக்கு ஆகாது."

"காத்தே இல்ல. அம்மா, ஒண்ணு சொல்லட்டா? அன்னிக்கு அப்பாவாவது வாயைத் திறந்து பேசினார். நீ மரம் மாதிரி நின்ன. இப்போ அவர் வந்து மன்னிப்பு கேட்டதும் உனக்குப் பொறுக்கலை, அதானே?" பின்னால் தண்ணீரில் துடுப்பு அடிக்கும் சத்தம், 'வாம்மா வா' என்று அவர் கூப்பிடும் குரல், குழந்தையின் சிரிப்பு. "வந்துட்டார். வைக்கறேன்."

"இரு, சொல்றேன். அந்தத் தையல்..."

வைத்துவிட்டாள்.

தையல்காரி திரும்ப அழைத்தாள். மடியிலிருந்த கவுன் சரிந்து தரையில் விழுந்தது, அவள் எடுக்கவில்லை. "என்னம்மா, யாருக்கு என்ன?" என்று முதலாளியம்மா எழுந்து வந்தாள். மகளின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவர் எண்ணைப் போட்டாள். அதுவும் அடித்து ஓய்ந்தது. மறுபடி மகளுக்கு. இந்தத் தடவை எடுத்ததும் சொல்லிவிட வேண்டும், ஹலோ சொல்லக்கூட விடக்கூடாது என்று வாயைத் திறந்தபடியே, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.