முன்னவர் போட்டதை எடுக்கக் கூடாதாம்!

காஜா பெராங் வட்டாரக் கோயில் அலுவலகத்துப் பழைய கணினி திறக்கவே கால் மணி நேரமாகும். செயலாளரான நான், தட்டச்சு செய்யும் லெட்சுமி அக்காவைத்தான் திட்டுவேன். "கண்டதையும் அமுக்குனா இப்படித்தான்!" வேலையை விட்டே நிறுத்திவிடுவேன் என்றும் மிரட்டினேன்.

திருவிழா அழைப்பிதழ் அடிக்கும் நாளில் அது நகரவே இல்லை. ஆத்திரத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கணினியை வேகமாக்கவென்று போட்ட நான்கு மென்பொருள்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

"யாரு அக்கா போட்டது?"

"செயலாளர் மாறுறப்பல்லாம் ஒன்னு போடுவாங்க. முன்னவர் போட்டதை எடுத்தா மரியாதை இல்லைன்னு விட்டுருவாங்க."

என்ன கூத்து இது! மூன்றை நீக்கினேன், இன்னும் இழுத்தது. நான்காவது, நான் பதவிக்கு வந்தபோது போட்டு மறந்தது. அதையும் எடுத்தேன். சட்டென்று திறந்தது.

அத்தனை திட்டு வாங்கியும், நானும் ஒன்று போட்டதை அக்கா சொல்லிக்காட்டவில்லை. எனக்கும் அந்த மரியாதையைத்தான் தந்திருக்கிறார். நினைத்தால் இன்றும் என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.