சார் கையில் கட்டிய காப்பு

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு ஆடி மாதம் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தடவிய நூலில் வேப்பிலையை முடிந்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், தேர் ஓடி முடிந்து அதை அவிழ்க்கும்வரை அந்த ஆள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கல்யாணமோ சாவோ எது வந்தாலும் சரி. தாண்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். அம்மனுடைய இந்தக் கட்டளையை வைத்து என் அம்மா ஒரு தலைமையாசிரியரையே பிடித்து வைத்தாள். அவளுக்குக் கையெழுத்துகூடப் போடத் தெரியாது.

நான் அப்போது நாலாம் வகுப்பு. பெரம்பலூர் பக்கத்துச் சிறுவாச்சூர் காளிக்கு அம்மா ஏதோ நேர்ந்துகொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை விடியலிலேயே என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், “பெரம்பலூர் பஸ் எதுன்னு பாரு பாப்பா” என்றாள். மகள் படித்தவள் என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. ஒரு பஸ்ஸின் நெற்றியில் பெரிதாக ‘பெ’ தெரிந்தது. எனக்கு அந்த ஓர் எழுத்தே போதுமாக இருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் டவுனைத் தாண்டிய பிறகுதான் கண்டக்டர் எங்களிடம் வந்தார்.

“பெரம்பலூர் ஒன்றரை குடுங்க.”

“இது பெண்ணாடம் போற வண்டிம்மா. போர்டப் பாக்கலியா?”

“புள்ளதான் படிச்சுச் சொல்லுச்சு.”

“எத்தனாவது படிக்குது?”

“நாலாவதுங்க.”

கண்டக்டர் என்னை ஒருமுறை பார்த்தார். “நல்லாப் படிக்குது, போ” என்று சொல்லி விசிலை ஊதினார். பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

நடுரோட்டில் இறங்கி, வெயிலில் நின்று, எதிரே வந்த பஸ்ஸைப் பிடித்து, காளியைப் பார்க்காமலே வீடு திரும்பினோம். வழி முழுதும் அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த இரண்டே பேர். டீச்சர் பிள்ளைப்பேற்று லீவில் போயிருந்தார். அஞ்சு வகுப்புக்கும் தலைமையாசிரியர் ஒருவர்தான். அவர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். வந்து சேரப் பத்தரை ஆகும். மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான் என்பதால் அதற்குள் கிளம்பிவிடுவார். இடைப்பட்ட நேரத்தில் எழுதச் சொல்லுவார். நாங்களும் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துக் கோலம்போல வரைந்து வைப்போம். எங்களை அடித்தவரும் இல்லை, வைதவரும் இல்லை. களைத்துப்போன மனிதராக இருந்தார், அவ்வளவுதான்.

அந்த வருஷம் உடையார்பாளையத்திலிருந்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து மஞ்சள் வேன் எங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தது. பத்துப் பிள்ளைகள் போல அதில் ஏறிவிட்டார்கள். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: வேனுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் கட்டுப்படியாகும், அது தம்பிக்கு. “இவ அந்த ஸ்கூல்ல சும்மா ஒக்காந்திருக்கறதுக்கு முந்திரிக்கொட்டை உடைக்க வரட்டும்.” எனக்கு அதில் வருத்தமே இல்லை. கொட்டை உடைக்கும் இடத்தில் நல்ல கதை பேசுவார்கள். வருத்தமெல்லாம் அம்மாவுக்குத்தான்.

பெண்ணாடம் பஸ் கதை ஊரில் பரவியதும் மற்ற தாய் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்தார்கள் போலிருக்கிறது. அந்த வாரமே எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குத் திரண்டு வந்தார்கள். அம்மாவின் தம்பியான என் மாமாதான் முன்னால் நின்றார்.

“சார் வந்தா மணி அடிக்குது. மணி அடிச்சா சார் கிளம்பிடுறாரு. எங்க புள்ளைங்க எப்ப சார் படிக்கும்? மேல எழுதிப் போட்டா என்னாகும் தெரியுமில்ல?”

“எழுதிப் போடுங்க. நானும் எழுதிட்டேதான் இருக்கேன், இன்னொரு ஆள் குடுங்கன்னு” என்றார் சார். “ஒத்த ஆளு அஞ்சு வகுப்பையும் எப்படிங்க பாக்குறது? உங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா வேன்ல ஏத்துங்க. நான் குறுக்கே நிக்கல.”

ஆளாளுக்குக் கத்தினார்கள். அம்மா மட்டும் பேசவில்லை. கூட்டம் கலையும்போது மெதுவாகப் போய், “சார், நாளைக்கு அம்மனுக்குக் காப்புக் கட்டு. நீங்க வந்து மரியாதை வாங்கிக்கணும்” என்றாள். சண்டைக்குப் பிறகு இப்படி ஒரு அழைப்பு வந்ததில் சாருக்குச் சந்தோஷம். மறுநாள் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து கைகூப்பி நின்றார். பூசாரி மாலை போட்டார். அம்மா கண்ணைக் காட்டினாள். சார் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவர் வலது கையில் காப்பு ஏறிவிட்டது.

“சார், மூணு மணி பஸ்ஸுக்கு இனி அவசரமில்ல” என்றார் மாமா. ஊரே சிரித்தது.

சாரின் முகம் வெளுத்துவிட்டது. “ஏம்மா, இது நியாயமா?” என்றார்.

அம்மா கும்பிட்டபடியே சொன்னாள்: “கட்டுனது அம்மன் சார். சாப்பாடு, படுக்கை எங்க பொறுப்பு. புள்ளைங்க உங்க பொறுப்பு.”

சார் கடைக்குப் போய் வீட்டுக்குப் போன் பண்ணினார். போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தார் என்று கடைக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

முதல் இரண்டு நாள் சார் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்கூடத்திலேயே படுத்துக்கொண்டார். எங்கள் வீட்டிலிருந்துதான் சாப்பாடு போகும், அம்மாவே கொண்டுபோய்ப் பரிமாறுவாள். காலையில் காபித் தூக்கு கொண்டுபோவது என் வேலை. மூன்றாம் நாள் நான் போனபோது சார் பம்புசெட்டில் குளித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வாய்க்கால் தண்ணீரில் மஞ்சள் நூல் ஒன்று மிதந்தது. வேப்பிலை முடிந்தபடியே இருந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“சார், காப்பு அறுந்துடுச்சு!”

வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தூரத்தில் ரோட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “யார்கிட்டயும் சொல்லாத பாப்பா” என்றார். முழுக்கைச் சட்டையை இறக்கிப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

அன்று மூன்று மணி பஸ்ஸில் சார் போய்விடுவார் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். பஸ் வந்தது. சார் பஸ் நிறுத்தத்துக்கு வந்தார், ஆனால் எங்கள் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமாகவே புளியமரத்தடியில் நிறுத்தி, “வர்ற வண்டி எங்க போவுதுன்னு படிக்கணும். தப்பாச் சொன்னா அங்கதான் எறக்கி விடுவேன்” என்றார். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். அ... ரி... ய... லூர்.

“சார், ஏறலியா?” என்று கண்டக்டர் கேட்டார். சார் இல்லையென்று தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம், கும்பகோணம் என்று வந்த வண்டியெல்லாம் எங்களுக்குப் பாடம். அஞ்சாம் வகுப்புக்காரர்களை இரண்டாம் வகுப்புக்கு வாத்தியாராக்கினார். பொழுது சாயும்வரை கோயில் பந்தலில் உட்கார்ந்து எங்களைப் படிக்கவைத்தார். வந்தவர்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு எங்களையும் ஒரு பார்வை பார்த்துப் போனார்கள். அப்பாகூட ஒருநாள் ஓரமாக நின்று நான் படிப்பதைக் கேட்டார். அப்புறம் முந்திரிக்கொட்டைப் பேச்சை எடுக்கவில்லை.

காப்பு அறுந்தும் சார் போகாததற்கு எனக்கு ஒரே காரணம்தான் தெரிந்தது. சாருக்கு அம்மன் மேல் ரொம்பப் பயம்.

தேர் நிலைக்கு வந்தது. காப்பு அவிழ்க்க எல்லாரும் வரிசையாகக் கையை நீட்டினார்கள். பூசாரி சார் முன்னால் வந்து நின்றார். சார் கையை நீட்டவில்லை. அப்போது அம்மா முன்னால் வந்தாள்.

“சாருக்கு நான் அப்பவே அவுத்துட்டேன். அடுத்த ஆளப் பாருங்க பூசாரி.”

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் அம்மன் எதிரில். தினம் இலை போட்டுப் பரிமாறியவள், சாப்பிடும் கையைப் பார்க்காமலா இருந்திருப்பாள் என்றெல்லாம் யோசிக்கிற வயசு இல்லை எனக்கு. சார் அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார். அம்மா பதிலுக்கு அவரைக் கும்பிட்டாள். ரெண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. திருநீறு கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது, “ஏம்மா பொய் சொன்ன?” என்று கேட்டேன்.

“அம்மனுக்குத் தெரியும். பேசாம வா.”

சார் அன்று சாயங்காலமே அரியலூர் போய்விட்டார். திங்கட்கிழமை காலையில் நான் ரோட்டோரம் நின்று பஸ் போர்டு படித்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் வருகிற முதல் பஸ், பால்காரர்கள் ஏறுகிற பஸ். அதிலிருந்து சார் இறங்கினார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து விட்டிருந்தார். “பாப்பா, மணி அடிக்கப் போலாம், வா” என்று சொல்லி முன்னால் நடந்தார். பின்னாலேயே போன நான் அவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு போனேன். திரும்ப யார் கட்டிவிட்டது, எப்போது கட்டியது என்று தேடிக்கொண்டே போனேன். அங்கே ஒரு நூலும் இல்லை.