சில்வண்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம்

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. மே மாதம் வந்தால் மரம் முழுக்கச் சில்வண்டு. அப்பா வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிரைண்டிங் மெஷினைத் தூக்கிவந்து கிளைமேல் வைத்தது போல இரைச்சல். அந்த இரைச்சலில் இரண்டு நிமிடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

விலங்கியல் இரண்டாம் வருஷ விடுமுறை. காட்டுக்குள் ஒரு வாரம் நடக்கும் பூச்சி முகாமுக்கு விண்ணப்பித்திருந்தேன். ஏதாவது ஒரு பூச்சியின் ஒலியை நாமே பதிவு செய்து அனுப்ப வேண்டும்: இரண்டு நிமிடம், இடையில் அறுபடக் கூடாது, பூச்சியைத் தொடக் கூடாது, மனிதக் குரல் வரக் கூடாது. ஞாயிறு மாலை ஆறு மணி கடைசி. அந்த முகாமுக்குப் போகாவிட்டால் விடுமுறையே வீண் என்று முடிவு கட்டியிருந்தேன்.

வியாழக்கிழமை முதல் முயற்சி. ஆன்லைன் வகுப்புக்குப் போட்ட ஆப்பிலேயே பதிவு செய்தேன். கேட்டால் குக்கர் விசில் தெளிவாக இருக்கிறது, அம்மாவின் குரல் அதைவிடத் தெளிவாக இருக்கிறது, சில்வண்டு மட்டும் இல்லை. இரைச்சலை நீக்கும் வசதியை அணைக்க மறந்திருக்கிறேன். அந்த ஆப்பைப் பொறுத்தவரை சில்வண்டு ஒரு தொந்தரவு.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தொந்தரவு நான்தான். ஆண் சில்வண்டு பெண்ணைக் கூப்பிடத்தான் பாடுகிறது; ஆனால் அதே பாட்டு காக்கைக்கும் குருவிக்கும் கேட்கும். அதனால் அது பாடிக்கொண்டே தனக்கிருக்கும் ஐந்து கண்ணாலும் காவல் காக்கிறது. நான் காலை மாற்றி வைத்தால் நிறுத்தும். மூக்கைச் சொறிந்தால் நிறுத்தும். கிட்டே போனால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து கிளைக்குப் பின்னால் போய்விடும். றெக்கையும் பட்டையும் ஒரே நிறம், ஒரே புள்ளி. கண்ணெதிரே இருந்தாலும் தெரியாது. இன்னும் கிட்டே போனால் பறக்கும், பறக்கும்போது பின்பக்கத்திலிருந்து ஒரு பீய்ச்சு. என் கண்ணாடி நனைந்தது.

"இன்னாடி, மரத்தாண்டயே குடித்தனமா?" என்றாள் அம்மா. ஜோலார்பேட்டைத் தமிழ் அவளை விட்டுப் போகவே இல்லை. "கண்ணாடிய தொடச்சிக்கோ. இன்னாத்தடி பூசினு வந்த?"

"சில்வண்டு மூத்திரம்மா. வேப்பமரத்துச் சாறுதான், சுத்தமானது."

"சாறாம். போய் மூஞ்ச கழுவு மொதல்ல."

பத்தாவது படிக்கும் தங்கைக்குத் தமிழ் புரியும். பதில் தெலுங்கிலோ ஹிந்தியிலோதான் வரும். "கதலகு அக்கா, கதலகு!" என்று ஜன்னலிலிருந்து கத்தினாள். அசையாதே என்கிறாள். சோறு சாப்பிடும்போதே இரண்டு தடவை எழுந்து நடக்கிற என்னைப் பார்த்து!

ஞாயிறு மாலை ஐந்தேகால். போனைத் துணிக்கிளிப்பால் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். போனுக்கு ஒரு சாண் மேலே ஒன்று தொடங்கியது. ஒரு நிமிடம். முழங்காலில் எறும்பு ஏறியது, விட்டுவிட்டேன். ஒன்றரை. மூச்சு விடுவதே சத்தமாகக் கேட்டது.

கறுப்பாக ஏதோ குறுக்கே பாய்ந்தது. இரட்டைவால் குருவி. அலகில் என் சில்வண்டு. பாட்டு அறுந்து வேறொரு சத்தம் வந்தது: பாதி கிழிந்த தகரத்தை இழுத்துக் கிழிப்பது போல. பிடிபட்டால் அப்படித்தான் அலறும் என்று படித்திருந்தேன், கேட்டதில்லை. குருவியும் கேட்டதில்லையோ என்னவோ, தலையை உதறியது.

"ஏய், வுடு!" என்று கத்தியது நான்.

யார் போட்ட சத்தத்தில் குருவி அலகைத் திறந்தது என்று சொல்ல முடியாது. சில்வண்டு கோணல்மாணலாகப் பறந்து கூரைக்கு மேலே போனது. போனில் ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. எட்டு நொடி குறைவு, கடைசியில் என் குரல் வேறு.

மரம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டது. அசையாமல்தான் இருந்தேன், ஆனால் கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஐந்து இருபது. இருபத்தைந்து. முப்பது. முப்பத்து நான்குக்கு உச்சிக்கிளையில் ஒன்றே ஒன்று, அதுவும் பாதியில் நிறுத்திவிட்டது. நாற்பத்தொன்றுக்கு எல்லாம் சேர்ந்து எடுத்தன. சந்தோஷத்தில் துள்ளி எழுந்து, பதிவை மறுபடி தொடங்கப் போனைத் தொட்டேன். மறுபடி மௌனம்.

"நக்கோ அக்கா, நக்கோ," என்று இந்த ஊர் ஹிந்தியில் வேண்டாம் சொல்லித் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, இருந்ததை அப்படியே அனுப்பினேன். குறிப்பு எழுதும் கட்டத்தில் 'குருவி பிடித்தது, தப்பியது, கத்தியது நான்' என்று மட்டும் எழுதினேன்.

செவ்வாய் மதியம் பதில் வந்தது. பதிவு விதிப்படி இல்லை என்று முதல் வரி. அடுத்த வரி ஒரு கேள்வி: குருவி போன பிறகு மரம் எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது, கவனித்தீர்களா?

கவனிப்பதா! நின்றபடியே தட்டினேன். பதினான்காவது நிமிடம் ஒற்றைக் குரல், இருபத்தொன்றாவது நிமிடம் எல்லாம், பிறகு நான் எழுந்ததால் மீண்டும் நின்றது. அனுப்பிவிட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் மடித்தேன், சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தேன்.

சாயங்காலம் முகாமிலிருந்து போன் வந்தது. சனிக்கிழமை காலை பேகம்பேட்டில் பஸ் ஏறிக்கொள்ளலாம். முகாமில் நேரம் குறிக்கும் வேலை எனக்கு. மைக் இருக்கும் பக்கம் மட்டும் தயவுசெய்து வர வேண்டாம்.