கடைசிச் சொல் இறங்குமிடம்

என் மனைவி இறந்து பதினான்கு மாதங்கள் கழித்து நான் ஸ்டீல் கிட்டார் வாசிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் சங்கீத வகுப்பில் என்னைக் கடைசி வாங்கில் இருத்தி, வாயைத் திறக்காமல் தாளம் மட்டும் போடச் சொல்லியிருந்தார்கள்.

திட்டமிட்டு வாங்கிய சாமானும் அல்ல அது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் உகுலேலே என்னும் சின்னக் கிட்டார் கேட்டிருந்தார்கள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில், ஒடாஹுஹு என்னும் பகுதியில், பழைய சாமான் விற்கும் கடை ஒன்றுக்குப் போனோம். உகுலேலேக்கள் தொங்கிய சுவருக்குக் கீழே, ஒரு மேசையில், கிட்டார் ஒன்று மல்லாக்கக் கிடந்தது. கடைக்காரர் டொங்கா நாட்டு மனிதர். நான் பார்ப்பதைக் கண்டு அதை எடுத்து மடியில் கிடத்தினார். இடது கையில் ஓர் உருக்குத் துண்டைப் பிடித்து, வலது கையால் தந்தியொன்றைச் சுண்டிவிட்டு, துண்டை மெல்ல நகர்த்தினார். ஒலி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த அறையிலிருந்து யாரோ ஏதோ கேட்பதைப் போல இருந்தது.

"இதைப் பழகப் புத்தகம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் காதைத் தட்டிக் காட்டினார்.

வீடு பக்குரங்காவில், பெருந்தெருவிலிருந்து இறங்கும் ஒரு சரிவின் அடியில். கிட்டாரைக் கராஜில் வைத்துக்கொண்டேன். சனி ஞாயிறு மத்தியானங்களில் காரை வெளியே விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பழகுவேன். முதல் மாதம் பூனையை மிதித்த சத்தம்தான் வந்தது. பிறகு ஒருநாள் மைக்ரோவேவ் வேலை முடிந்ததும் போடும் 'பீப்' எந்தத் தந்தியில், எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். அதற்காக அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்ததை இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது. அடுத்தது, தெருவைக் கடக்கும் இடத்தில் பச்சை மனித உருவ விளக்கு எரியும்போது கேட்கும் ஒலி. அதற்கடுத்து, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சமோவா குடும்பத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுகள். அவர்கள் பாட, ஒரு வரி பின்தங்கி நான் தேடிப் பிடிப்பேன். பாட்டின் சொல் ஒன்றும் எனக்கு விளங்காது. அதுவே வசதியாக இருந்தது.

ஒரு மெட்டைப் பிடிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சின்னத் துண்டாக வெட்டி, அதே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது. இருபது தரம், முப்பது தரம். அப்படிக் கேட்டுக் கேட்டு என் காது மாறிப்போனது. எல்லர்ஸ்லியில் ஒரு கம்பனியின் சம்பளக் கணக்குப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். அங்கே எனக்குப் பக்கத்தில் இருப்பவர் 'மோர்னிங்' என்று சொல்லும்போது இரண்டு சுரம் இறங்குவது எனக்குக் கேட்கத் தொடங்கியது.

அந்தக் காதோடுதான் ஒருநாள் என் மனைவியின் குரலைக் கேட்டேன்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை செய்யும் இடத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நானும் மகளும் அவளைப் பற்றிக் கதைப்பதில்லை. கதைக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இருவரும் அப்படியே இருந்துவிட்டோம்.

அவளுக்கு எழுத்தில் செய்தி அனுப்புவது பிடிக்காது, குரலில்தான் அனுப்புவாள். என் போனில் பதினொன்று மிஞ்சியிருந்தன. ஒன்றில் வெங்காயம் வாங்கச் சொல்வாள், ஒன்றில் மகளின் பல் டொக்டரைப் பற்றிச் சொல்வாள். நான் எடுத்தது மிகச் சின்னதை.

"இஞ்சேருங்கோ, நான் பஸ்ஸால இறங்கிட்டன். மழை பெய்யுது. குடை கொண்டு வாறீங்களே?"

அவ்வளவுதான். ஏழு செக்கன். அவள் மாலையில் வந்து இறங்கும் பஸ் தரிப்பு பெருந்தெருவில் இருந்தது. வீட்டுக்குப் பத்து நிமிட நடை. இந்த ஊர் மழை வெயிலுக்குள்ளேயே வந்து நிற்கும். கிழமைக்கு ஒரு தரமாவது இப்படி ஒரு செய்தி வரும். நான் வீட்டில் இருந்தால் நான் போவேன், இல்லாவிட்டால் மகள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அந்தச் செய்தியைக் கராஜில் வைத்து, பாட்டைக் கேட்பது போலவே திரும்பத் திரும்பக் கேட்டேன். பத்தாவது தரமோ பதினைந்தாவது தரமோ சொற்கள் கரைந்துபோயின. மழையும் குடையும் போய்விட்டன. மிஞ்சியது ஒரு மெட்டு. 'இஞ்சேருங்கோ'வில் ஒரு மேட்டில் ஏறி, 'இறங்கிட்டன்' என்பதில் சறுக்கி, 'மழை'யில் ஓர் இடத்தில் நின்று, 'வாறீங்களே'யில் திரும்ப ஏறுகிற ஒரு மெட்டு. கையில் உருக்குத் துண்டு இருந்தது. வைத்துப் பார்த்தேன். முதல் சொல் கிடைத்தது.

கிட்டார் பேசவில்லை. ஆனால் அவள் மூன்று அறை தள்ளி நின்று கூப்பிட்டால், சொல் விளங்காமல் ஒலி மட்டும் எப்படி வந்து சேருமோ, அப்படி வந்தது. நான் துண்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் முற்றத்தில் நின்றேன். பிறகு உள்ளே போய் இரண்டாவது சொல்லைத் தேடினேன்.

இரண்டு மாதங்கள் வேறொன்றும் வாசிக்கவில்லை. கொஞ்ச நாளில் போனைத் திறப்பதையும் நிறுத்திவிட்டேன். எல்லாம் காதில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். மகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வாசிப்பேன். ஏன் ஒளித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தப்பு ஒன்றைச் செய்கிற மாதிரியும் இருந்தது, கோயிலுக்குள் இருக்கிற மாதிரியும் இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், மகள் பள்ளிக்கூட நெற்போல் ஆட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் நேரத்தோடு முடிந்து, யாரோ கொண்டுவந்து இறக்கிவிட்டு, அவள் அறையில் வந்து படுத்துத் தூங்கியது எனக்குத் தெரியாது. நல்ல வெயில். நான் அந்த வசனத்தை மூன்றாவது தரமோ நாலாவது தரமோ வாசித்து முடித்தபோது, வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவு திறந்தது.

மகள் நின்றாள். வெறுங்கால். விளையாட்டு உடுப்பைக்கூட மாற்றியிருக்கவில்லை. கையில் குடை.

அவள் முகம் இன்னும் நித்திரையில் இருந்தது. என்னைப் பார்த்தாள், கிட்டாரைப் பார்த்தாள், திறந்திருந்த பெரிய கதவுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?" என்றாள்.

இங்கே பிறந்த பிள்ளை. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்று தமிழில் கேட்டாள். அவள் தன் கையில் இருந்த குடையை அப்போதுதான் கண்டாள். அதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அந்த மெசேஜை வைச்சிருக்கிறீங்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இவ்வளவு நாளும்?"

"பிள்ளை, கொஞ்சம் இரு, நான் சொல்லுறன்..."

அவள் இருக்கவில்லை. குடையை நிலத்தில் போட்டுவிட்டுப் போனாள். அவளுடைய அறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. நான் கிட்டாரைப் பெட்டியில் போட்டு, கராஜ் தட்டின் மேல், கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் மெட்டு பெட்டிக்குள் போகவில்லை. கெட்டில் கொதிக்கும்போது கேட்டது. வேலையில் எனக்கு மேலே இருப்பவர் கூட்டத்தில் கேள்வி கேட்டபோது, அந்தக் கேள்வியின் நுனியில் என் மனைவி ஏறினாள். அவளை நினைத்துப் பார்க்க முயன்றேன். 'தேத்தண்ணி குடிக்கிறீங்களே' என்று அவள் கேட்பதை மனதுக்குள் கொண்டுவரப் பார்த்தேன். வாய் அசைந்தது, வந்தது உருக்குத் தந்தியின் ஒலி. குரல் இல்லை. அப்போதுதான் எனக்கு உண்மையாகப் பயம் பிடித்தது.

ஒருநாள் பக்குரங்காவில் இருக்கும் கடைத்தொகுதியில், அரிசி அடுக்கியிருந்த வரிசையில், எனக்குப் பின்னால் ஒரு பெண் போனில் கதைத்துக்கொண்டு போனாள். அதே மேடு, அதே சறுக்கல். என் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னால் போனேன். எண்ணெய், பருப்பு, பிஸ்கட் என்று மூன்று வரிசை. அவள் நின்று திரும்பினாள். நாற்பது வயது இருக்கும்.

"என்ன அண்ணா? ஏதும் தேடுறீங்களோ?"

"இல்லைத் தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ. நீங்கள் கதைக்கிறது எனக்குத் தெரிஞ்ச ஒராள் கதைக்கிற மாதிரிக் கிடந்தது."

அவள் முகம் இளகியது. "எங்கட பக்கத்துப் பொம்பிளையள் எல்லாரும் இப்பிடித்தான் இழுத்துக் கதைப்பினம். ஆர் அவ? இஞ்சையே இருக்கிறா?"

"இல்லை," என்றேன். அவள் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். காரில் உட்கார்ந்தபோது ஒன்று விளங்கியது. நான் பிடித்துவைத்திருந்தது என் மனைவியை அல்ல. ஓர் ஊரின் பேச்சை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு அவள் என்று நம்பியிருக்கிறேன்.

மகளோடு பேச்சு மெல்லத் திரும்பியது. சாப்பாடு, பஸ், பரீட்சை. ஆறு கிழமை போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கராஜில் புல்வெட்டும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். தட்டில் இருந்த பெட்டியை எம்பி இறக்கி என் முன்னால் வைத்தாள்.

"நீங்க அதைப் பிழையா வாசிக்கிறீங்க," என்றாள், ஆங்கிலத்தில்.

"எதை?"

"கடைசிச் சொல்லை. நீங்க மேலே போறீங்க. அம்மா மேலே போகல்ல. கீழே வந்தா."

"உனக்கு எப்பிடித் தெரியும்? நான் அதை உனக்குப் போட்டுக் காட்டவே இல்லையே."

அவள் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். தன் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அந்தச் செய்தி வந்த அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேனாம். என் போன் முன்னறையில் கிடந்ததாம். இரண்டு தரம் அடித்து ஓய்ந்த பிறகு செய்தி வந்ததாம். அவள் அதைத் திறந்து கேட்டாளாம். வெளியே நல்ல மழை. அவள் கணினியில் சிநேகிதிகளோடு ஏதோ விளையாட்டின் நடுவில் இருந்தாளாம்.

"போனைக் கவிழ்த்து வைச்சிட்டேன்," என்றாள். "கேட்காத மாதிரி இருந்திட்டேன்."

"பிறகு?"

"அம்மா நடந்து வந்தா. தலைமுடியில இருந்து தண்ணி சொட்டினது. என்னைப் பார்த்தா. நான் இப்ப ஏசப் போறா எண்டு பார்த்துக்கொண்டிருந்தன்." கடைசியில் அவளை அறியாமலே அவள் தமிழுக்கு மாறியிருந்தாள். "'சாப்பிட்டியா' எண்டு கேட்டா. அவ்வளவுதான்."

அது எந்த நாள் என்று நான் யோசித்தேன். அந்த ஏழு செக்கனை நூற்றுக்கணக்கான தரம் வாசித்தவன் நான். அந்த மாலையைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. குளித்தது, அவள் நனைந்து வந்தது, எதுவுமே இல்லை. அதை மகளிடம் சொன்னேன். அவளைத் தேற்ற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை, பிறகு என்னிடம் சிரித்துச் சொன்னாள் என்று. வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"எனக்கு ஞாபகமே இல்லைப் பிள்ளை," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாளியை என் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

போனை எடுத்து இருவரும் கேட்டோம். மகள் சொன்னதுதான் சரி. 'வாறீங்களே' ஏறவில்லை. ஏறுவது போல ஒரு சின்ன முயற்சி, பிறகு அலுத்துப்போய் விழுகிறது. இரண்டு தரம் அடித்தும் எடுக்காதவர்களிடம் மூன்றாம் தரம் கேட்கிற குரல். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. நான் இரண்டு மாதமாக அந்த எரிச்சலைத் தேய்த்துத் தேய்த்து எடுத்து, அவளை இனிமையாகக் கெஞ்ச வைத்திருக்கிறேன்.

அன்று பொழுதுசாயும்வரை அந்த ஒரு சொல்லைத் தேடினோம். நான் நகர்த்துவேன், மகள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். "இல்லை. இன்னும் கீழே." "அங்கே நிற்காதீங்க, அம்மா நிற்கல்ல." "இப்ப கொஞ்சம் கூடிப்போச்சு." தந்திக்குக் கீழே கோடு எதுவும் போட்டிராத ஓரிடத்தில், இரண்டு சுரங்களுக்கு நடுவில், அது இருந்தது. கிடைத்தபோது இருவருக்கும் தெரிந்தது. அழகான ஒலி இல்லை. களைத்துப்போன, வீட்டுக்கு வர விரும்புகிற ஒரு மனுஷியின் ஒலி. மகள் தன் முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

அதற்குப் பிறகு அந்த வசனத்தை நாங்கள் வேண்டுமென்று வாசித்ததில்லை. மற்றப் பத்துச் செய்திகளையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் உகுலேலேயைக் கொண்டுவந்து, எனக்குத் தெரியாத ஏதோ பாட்டை வாசிப்பாள், நான் காதால் பிடித்துப் பின்தொடர்வேன். ஆனால் சில நாட்களில், பாட்டின் நடுவில், நான் நினைக்காமலே உருக்குத் துண்டு அந்தக் கடைசிச் சொல்லின் இடத்துக்கு வழுக்கிப் போய்விடும். மகளின் விரல்கள் ஒரு கணம் தயங்கும். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நானும் துண்டை உடனே எடுப்பதில்லை. ஒலி தானாக ஓயும்வரை விட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.